இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் நடுவே ரோட்டைக் கடக்க முடியவில்லை: மனுவில் என்ன கேட்பது?

கேள்வி: பூமியான்பேட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை இருக்கிறது, இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. நாங்கள் புதுச்சேரியில் பூமியான்பேட்டைப் பக்கம் இருக்கிறோம். வீடு அந்த இரண்டு சிலைகளுக்கும் நடுவே போகும் மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம். அம்மாவுக்கு வேண்டியது எல்லாம் அந்தப் பக்கம்: காய்கறிக்கடை, மாத்திரை வாங்கும் மெடிக்கல், வெள்ளிக்கிழமை போகும் அம்மன் கோயில், அப்புறம் என் சித்தி வீடு. நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது இதே ரோட்டை அம்மா என் கையைப் பிடித்துக் கடத்திவிடுவார். இப்போது என்னாலேயே ஒரே மூச்சில் கடக்க முடியவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கடையிலிருந்து திரும்பும்போது பாதி ரோட்டைத் தாண்டி மீடியனில் நின்றிருக்கிறார். மீடியன் என்றால் ஒரு முழ அகலம், அதிலும் அரளிச் செடி. செடியை ஒட்டி நின்றால் பாதிச் செருப்பு தார் ரோட்டின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கையில் வயர் கூடை. ஓரமாக வந்த பைக்கின் ஹேண்டில்பார் கூடையின் பிடியில் மாட்டி, கூடையை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தக்காளியெல்லாம் ரோட்டில். அம்மா அரளிக் கிளையைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி சாதம் பிசையும்போதுதான் பார்த்தேன், நாலு விரலிலும் வயர் அறுத்த சிவப்புக் கோடு. கேட்ட பிறகுதான் சொன்னார். "இனிமே வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகல, இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதலாம் என்று இருக்கிறோம். ஆனால் என்ன கேட்பது என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது நடைமேம்பாலம் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஆள் கடக்க ஜீப்ரா மாதிரி வெள்ளைக் கோடு போட்டுத் தருகிறோம், அது சுலபம் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வேகத்தடை போட்டால் போதும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்டால் என் அம்மா மறுபடி கோயிலுக்குப் போவார்?

பதில்: லாஸ்பேட்டை மாணவன்

அக்கா, நடைமேம்பாலமே கேளுங்கள். லிஃப்ட்டோடு கேளுங்கள். சென்னை தி.நகரில் 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் நான் போயிருக்கிறேன், மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் போகாமலே பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்துவிடலாம். வண்டியும் ஆளும் ஒரே தரையில் இருக்கிற வரைக்கும் ஆபத்துதான். கோடு போடுவது எல்லாம் கண்துடைப்பு.

பதில்: மஞ்சக்குப்பம் ஓய்வு

அம்மாவின் விரலில் இருந்த கோட்டைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் ரோடு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். உங்கள் ரோட்டில் வாரம் ஒரு முறையாவது வருகிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பி சொன்ன மேம்பாலம். தி.நகர் பாலத்தில் கூட்டம் இருப்பதற்குக் காரணம், அது ஜனங்கள் ஏற்கெனவே நிற்கும் உயரத்திலிருந்து அவர்கள் போக வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ரயில் நிலையத்தின் படியை எப்படியும் ஏறத்தான் வேண்டும், ஏறியவர் அப்படியே நடக்கிறார். உங்கள் ஊரில் அம்மா நிற்பது தரையில், போக வேண்டியதும் தரையில். லாரி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டு, பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஏற வேண்டும். ஒரு படி 15 செ.மீ என்றால் நாற்பது படி மேலே, நாற்பது படி கீழே. பதினைந்து மீட்டர் ரோட்டைத் தாண்ட எண்பது படி! முழங்கால் தேய்ந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? பிரிட்டனில் 1965-லேயே ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்: மேலே ஏறிக் கடக்கும் நேரம் கீழே கடப்பதைப் போல ஒன்றரை மடங்கு ஆனால் கிட்டத்தட்ட யாருமே ஏறுவதில்லை. லிஃப்ட் வைக்கலாம், ஆனால் அது ஒரு நாள் நின்றுபோனால் அன்றைக்கு அம்மா பழையபடி அரளிச் செடிக்குள் நிற்பார். பாலம் வந்துவிட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. "அதான் பாலம் இருக்கே" என்று கீழே கம்பிவேலி அடித்துவிடுவார்கள்.

சுரங்கப்பாதையை யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ-க்கு மேல் பெய்தது. அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கோடு. கோடு தப்பில்லை, ஆனால் அகலமான ரோட்டில் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போவதுதான் தப்பு. அமெரிக்காவில் 30 நகரங்களில் கோடு போட்ட 1,000 இடங்களையும் போடாத 1,000 இடங்களையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பல லேன் ரோடு, நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல் ஓடுகிறது, நடுவில் ஏறி நிற்க மீடியன் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வேறு எதுவும் செய்யாமல் கோடு மட்டும் போட்டிருந்தால், கோடே இல்லாத இடத்தைவிட நடப்பவர்கள் அதிகமாக அடிபட்டிருக்கிறார்கள். கோட்டை நம்பிக் காலை வைக்கிறோம், வருகிற வண்டிக்கு நிற்க எந்தக் காரணமும் அங்கே இல்லை.

அப்படியானால் என்ன கேட்பது? என்னைக் கேட்டால் மீடியனைக் கேளுங்கள். நான் சொல்வது ஒரு முழச் செடிப்பாத்தியை அல்ல, நிற்பதற்கு ஆறடி அகலத்தில் ஒரு திட்டு. இதன் கணக்கு எளிது. உங்கள் அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பார் என்று வைப்போம். சிக்னல் நேரம் போடும்போது வழக்கமாக எடுப்பது 1.2 மீட்டர், அது இளவட்டங்களின் நடை. ஒரு பக்கம் ஏழரை மீட்டர் என்றால் அவருக்கு ஒன்பது, பத்து நொடி வேண்டும். நடுவில் நிற்க இடம் இருந்தால் ஒரு பக்கத்து வண்டியில் பத்து நொடி இடைவெளி கிடைத்ததும் கடந்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த பக்கத்தில் பத்து நொடிக்குக் காத்திருக்கலாம். நிற்க இடம் இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இருபது நொடி காலியாக இருக்க வேண்டும். அது அந்த ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்குத்தான் நடக்கும். ஆறடித் திட்டு என்றால் வயர் கூடையோடு நிற்கலாம், குழந்தை வண்டியும் நிற்கும், சக்கர நாற்காலியும் நிற்கும். இரண்டு முனையிலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒளிர்கம்பம், தலைக்கு மேல் விளக்கு, இடுப்புக்கு மேல் வளராத செடி அல்லது செடியே இல்லாமல்.

ஒரு சின்ன விஷயம், பல இடங்களில் செய்வதில்லை. திட்டுக்குள் நேராக வழி விடாமல், ஏறியதும் இடது பக்கம் நாலைந்து அடி நடந்து பிறகு கடக்கிற மாதிரி வளைத்துவிட வேண்டும். நம் ஊரில் இரண்டாவது பாதியில் வண்டி இடமிருந்து வரும். இடது பக்கம் நடக்கும்போது வருகிற வண்டி தானாகக் கண்ணில் படும், கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

திட்டோடு சேர்த்து வேகத்தையும் குறைக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் சுதாரித்துப் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்பார். 60-ல் வந்தால் 35 மீட்டரைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கார் மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனால் நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு ஏறுகிறது. மத்திய அரசின் 2018 அறிவிப்பில் நகராட்சி எல்லைக்குள் காருக்கு உச்சவரம்பு 70, அதைவிடக் குறைத்து வைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. உள்ளூர்ச் சாலையாக இருந்தால் நடைபாதை உயரத்துக்கே கடக்கும் இடத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் சாய்வு கொடுத்து மேடை மாதிரிக் கட்டலாம், அதுவே வேகத்தடையாகவும் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் வேகத்தடைக்கு அனுமதி கிடைக்காது, சிக்னல்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லுங்கள், ராவோடு ராவாகக் கொட்டிவிட்டுப் போகும் வேகத்தடை பைக்காரர்களின் இடுப்பைத்தான் உடைக்கும், அதற்கும் அளவு இருக்கிறது.

பதில்: கோரிமேடு

சார் சொன்னது நூற்றுக்கு நூறு. ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் நாள்தோறும் பார்க்கிறேன், கையில் ஸ்கேன் கவரும் ஃபைலுமாக விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். நோயாளியை யாராவது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வருவார். அவர்களை எண்பது படி ஏறச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

பதில்: கடலூர்–பாண்டி டிரைவர்

நான் பஸ் ஓட்டுகிறேன், இருபத்திரண்டு வருடம். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன், மனுவுக்கு உதவும்.

ஒருவர் கோட்டின் மேல் நிற்கிறார், நான் பிரேக் போட்டு நிற்கிறேன் என்று வையுங்கள். என் பஸ் சுவர் மாதிரி மறைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருகிற பைக்குக்கு நான் ஏன் நின்றேன் என்று தெரியாது, ஆள் ஏற்றுகிறேன் என்று நினைத்து வலது பக்கமோ இடது பக்கமோ முந்திக்கொண்டு வரும். அந்த அம்மா என் பஸ்ஸின் முகப்பைத் தாண்டி ஒரு அடி வைக்கிற நேரமும் அந்த பைக் வருகிற நேரமும் ஒன்றாக இருக்கும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு மாதம் யாருக்காகவும் வண்டியை நிறுத்தவே எனக்குப் பயமாக இருந்தது. நின்றதால்தானே அவர் கால் வைத்தார் என்று ராத்திரி தூக்கம் வராது. இப்போது நான் செய்வது, கோட்டுக்கு ரொம்பத் தள்ளியே நிறுத்துவேன், வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டுவேன், கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன், வண்டி வந்தால் ஹார்ன் அடித்து அந்த அம்மாவை நிற்கச் சொல்வேன். எல்லா டிரைவரும் இதைச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் நிறுத்தக் கோட்டை ஜீப்ராவுக்குப் பக்கத்தில் போடாமல் நன்றாகப் பின்னால் தள்ளிப் போடச் சொல்லி எழுதுங்கள். தள்ளி நின்றால் என் பஸ்ஸுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே வெளிச்சம் இருக்கும், பக்கத்து லேன்காரருக்கும் ஆள் தெரியும்.

இரண்டாவது, பஸ் ஸ்டாப். ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் கடக்கும் இடம் இருந்தால், இறங்கியவர்கள் பஸ்ஸின் மூக்கை ஒட்டியே ஓடுவார்கள். பஸ் கடக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிற மாதிரி ஸ்டாப்பை வைத்தால், இறங்கியவர் பஸ்ஸின் பின்பக்கமாக வருவார், வருகிற வண்டி அவருக்குத் தெரியும். செலவே இல்லாத வேலை, நிழற்குடையை முப்பது மீட்டர் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். டெம்போக்காரர்களும் கூடவே நகர்ந்துவிடுவார்கள், ஆள் நிற்கிற இடத்தில்தானே அவர்கள் நிற்பார்கள்.

மூன்றாவது, அரளிச்செடி. ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க அது நல்லதுதான், எங்களுக்கு உதவிதான். ஆனால் ஆள் கடக்கிற இடத்துக்கு முன்னால் கொஞ்ச தூரத்துக்காவது வெட்டிவிடச் சொல்லுங்கள். செடிக்குள்ளிருந்து தலை மட்டும் தெரியும், பிறகு திடீரென்று முழு ஆள் வெளியே வரும். குட்டையான அம்மாக்கள், பிள்ளைகள் என்றால் அந்தத் தலையும் தெரியாது.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினால் எல்லா வண்டியும் நிற்கிறது. அவர் டீ குடிக்கப் போனால் முடிந்தது. அதனால் ஆளை நம்பாமல் ரோட்டின் அமைப்பையே மாற்றுங்கள் என்று மஞ்சக்குப்பம் ஐயா சொல்வதுதான் சரி.

பதில்: முதலியார்பேட்டை வெள்ளைக்கோல்

எனக்குப் பார்வை கிடையாது, போன் படித்துக் காட்டக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துக் கடப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காதால் கடக்கிறவன், அதனால் என் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓசை குறைகிற நொடியில் நான் காலை எடுத்து வைப்பேன். இப்போது பேட்டரி ஸ்கூட்டர் வந்த பிறகு அந்த நொடியை நம்ப முடியவில்லை, பக்கத்தில் காற்று அடித்த பிறகுதான் வண்டி போனதே தெரிகிறது. அதனால் சிக்னல் கேட்டால் ஓசையோடு கேளுங்கள், கடக்கலாம் என்றால் ஒரு மாதிரியும் நில் என்றால் வேறு மாதிரியும் ஒலிக்க வேண்டும். நடைபாதை ரோட்டில் இறங்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக மேடு உள்ள ஓடு பதிக்க வேண்டும், கோலுக்கும் காலுக்கும் அது சொல்லும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லிருந்து இருக்கிறது.

மஞ்சக்குப்பம் சார், திட்டுக்குள் வழியை வளைப்பது என்றீர்களே, அது நல்ல யோசனைதான், ஆனால் ஓடு பதிக்காமல் வளைத்தால் என்னைப் போன்றவர்கள் நேராக நடந்து எதிர் லேனில் இறங்கிவிடுவோம். வளைவு முழுக்க ஓரத்தில் கைப்பிடிக் கம்பியோ, கோல் தட்டும் கட்டையோ வேண்டும்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். இந்த ஊரில் கோலை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நான் நடக்கிற ஒரே ரோடு அதுதான். ஒரு பக்கம் அலைச் சத்தம், இன்னொரு பக்கம் சுண்டல் விற்கிறவர் குரல், இரண்டுக்கும் நடுவே நேராக நடந்தால் போதும்.

பதில்: மஞ்சக்குப்பம் ஓய்வு

வெள்ளைக்கோல் தம்பி, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் வேலை பார்த்தும் தோன்றவில்லை. ஓடும் கைப்பிடியும் சேர்த்தே கேட்க வேண்டும். டிரைவர் சொன்ன நிறுத்தக் கோடு, பஸ் ஸ்டாப் இரண்டும் அப்படியே மனுவில் போகட்டும்.

பதில்: வில்லியனூர் வழக்கறிஞர்

சகோதரி, மனு எழுதும் விதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை, ரோடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குவது. நகராட்சியா, பொதுப்பணித் துறையா, தேசிய நெடுஞ்சாலைப் பிரிவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுத்தால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். 2025 அக்டோபரில் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை சுமார் 436 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அந்த வரைபடத்தில் கீழே நடப்பவர்கள் எங்கெங்கே கடக்க வழி வைத்திருக்கிறார்கள் என்று அதன் நகல் கேளுங்கள். இதுதான் சரியான நேரம். தூண் எழும்பிய பிறகு ஆறடித் திட்டு கேட்டால் இடமில்லை என்பார்கள். தூண் வரும் நடுப்பகுதியில் எப்படியும் அகலம் வேண்டும், இரண்டு தூணுக்கு நடுவே நிற்கும் இடம் அமைப்பது வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கிற வேலைதான். ஆனால் தூணே ஆளை மறைக்கும் என்பதால் தூணை ஒட்டிக் கடக்கும் இடம் வைக்கக் கூடாது, இதையும் எழுதுங்கள்.

சட்ட பலம் உங்கள் பக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 மே 14 அன்று, நடப்பவர்களுக்கு நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில், நடப்பவர்களுக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரோட்டை வடிவமைப்பவரோ கட்டுபவரோ பராமரிப்பவரோ வகுத்த தரத்தைப் பின்பற்றாமல் அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவை மனுவின் கடைசிப் பத்தியில் மரியாதையாகக் குறிப்பிட்டாலே போதும், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எங்கள் அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் அதிகம். 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். நாளுக்குத் தொண்ணூறு பேர் என்று வருகிறது. இழப்பீடு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஒருபோதும் எனக்கு நிம்மதியாக இருந்ததில்லை. அதனால்தான் இழப்பீட்டு மனுவைவிட உங்கள் மனுவை எழுத எனக்கு ஆசை. வரைவை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

பதில்: மஞ்சக்குப்பம் ஓய்வு

வழக்கறிஞர் சொன்னதோடு ஒரு எண்ணிக்கையும் வையுங்கள் அம்மா, எண் இல்லாத மனுவை ஓரமாக வைப்பது சுலபம். இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 103 என்ற வழிகாட்டி நெறியில் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதே மணி நேரத்தில் போகிற வண்டிகளை எண்ணி, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நடுவில் மீடியன் உள்ள ரோட்டில் 20 கோடியைத் தாண்டினால் அங்கே முறையான கடக்கும் வசதி வேண்டும் என்று அர்த்தம். மீடியன் இல்லாவிட்டால் 10 கோடி. பெரிய எண் என்று மிரள வேண்டாம், நூறு பேரும் 1,500 வண்டியும் இருந்தாலே 22 கோடியே 50 லட்சம் வந்துவிடும். சனி, ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எண்ணுங்கள். கடக்காமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது சூத்திரத்தில் வராது, ஆனால் நான் மேசையில் இருந்திருந்தால் அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

பூமியான்பேட்டை மகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாமதமாக எழுதுகிறேன், ஏனென்றால் எண்ணிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். வண்டி எண்ண என் தம்பியும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும், ஆள் எண்ண நான். அம்மா சும்மா இருக்கமாட்டேன் என்று பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மெடிக்கல் கடை நிழலில் உட்கார்ந்து, திரும்பிப் போகிறவர்களை எண்ணுகிற வேலை அவருக்கு. கையில் புளியங்கொட்டை, திரும்பிப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டையை இடது கையிலிருந்து மடிக்கு மாற்றினார். எண்ணிக்கையை வழக்கறிஞர் சாரிடம் கொடுத்துவிட்டேன், சூத்திரத்தின் அளவைத் தாண்டிவிட்டது. மடியில் இருந்தது 17 கொட்டை. அதில் மூன்று பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு பெரியவர் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் திரும்பிப் போனார், அவரை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று அம்மா கேட்டார். இரண்டாக எண்ணச் சொன்னேன், சரிதானே மஞ்சக்குப்பம் சார்?

தையல் டேப்பால் மீடியனையும் அளந்தேன், 48 செ.மீ. மனுவில் ஆறடித் திட்டு, விளக்கு, செடி வெட்டுவது, பின்னால் தள்ளிய நிறுத்தக் கோடு, பஸ் ஸ்டாப்பை நகர்த்துவது, ஓசை சிக்னல், புள்ளி ஓடு, கைப்பிடி எல்லாம் எழுதிவிட்டோம். நடைமேம்பாலம் வேண்டாம் என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறோம், லாஸ்பேட்டைத் தம்பி கோபித்துக்கொள்ளாதீர்கள், கையெழுத்து போட வாருங்கள். இதுவரை 140 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. தகவல் உரிமை மனுவும் வியாழக்கிழமை ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். வரைபடம் வந்து, திட்டு கட்டுகிற வரைக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிகிறது. அதுவரைக்கும் தற்காலிகமாகத் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்புகளை வைத்து அந்த ஆறடி இடத்தை உண்டாக்கித் தரச் சொல்லிக் கேட்கலாமா, அதை யாரிடம் கேட்க வேண்டும், போக்குவரத்துக் காவல் பிரிவிலா? டிரைவர் அண்ணே, அப்படி வைத்தால் உங்கள் பஸ் திரும்ப இடம் போதுமா என்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.